அடிமையா, சுயாதீனனா?



உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தேவன் இந்த மருத்துவமனையை இம்மட்டும் நடத்திவந்திருக்கிறார், அவருக்கே ஸ்தோத்திரம். வழக்கமாக இந்தப் பக்கத்தில் வார்டு செய்திகளையும் ஜெபக்குறிப்புகளையும் எழுதுவோம். இம்முறை ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுத விரும்புகிறோம். அந்தச் சொல்லை எங்கள் முன் வைத்தவர் ஒரு நோயாளி. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்; பெயரை மட்டும் சொல்லவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா அவர். ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்டரின் கீழ் தரை கழுவும் வேலை. சர்க்கரை வியாதி உண்டு. நாள் முழுவதும் ஈரமான பூட்ஸுக்குள் கால் இருந்ததில் விரலிடுக்கில் புண் வந்து, வலி தெரியாததால் கவனிக்காமல் விட்டு, கடைசியில் ஒரு விரலை எடுக்க நேர்ந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் கட்டிலருகே நின்று ஜெபித்தோம். ஞானஸ்நானம் பெற்றவர் அல்ல. ஆனாலும் ஜெபம் வேண்டும் என்று அவரே கேட்டிருந்தார். "உமது அடிமையாகிய இந்த மகளைக் கண்ணோக்கிப் பாரும் ஆண்டவரே" என்று நாங்கள் சொன்னபோது, கைகூப்பியிருந்தவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"அய்யா, மத்ததெல்லாம் சொல்லுங்க. அந்த அடிமைன்ற வார்த்த மட்டும் வேணாங்கய்யா. நாங்க அதுலருந்து வந்தவங்க."

அதற்கு மேல் ஜெபம் எப்படி முடிந்தது என்று எங்களுக்கு நினைவில்லை. முப்பத்தைந்து வருஷமாக அந்த வார்த்தையைச் சொல்லி ஜெபித்துவருகிறோம். ஒருவரும் கண்ணைத் திறந்ததில்லை.

பிறகு அவர் தம் கதையைச் சொன்னார். புருஷன் வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு ஒரு அரிசி ஆலையில் இருந்தவர்கள். விடியுமுன் நெல் அவிக்கவேண்டும். விடிந்தபின் களத்தில் காயவைத்துக் காலால் கிளறவேண்டும். ஊரில் சாவு விழுந்தால் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து போகமுடியாது. ஒருவர் போனால் ஒருவர் ஆலையில் இருக்கவேண்டும். வாங்கின கடன் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பது முதலாளியின் நோட்டில் இருந்ததே தவிர இவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்து அழைத்துப்போய்க் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அந்த விடுதலைச் சான்றிதழை லாமினேட் செய்து, வார்டிலும் தலையணைக்கு அடியில்தான் வைத்திருந்தார். ஆதார் அட்டையைக்கூட மருமகளிடம் கொடுத்துவிட்டார், இதைக் கொடுக்கவில்லை.

அடிமைத்தனம் எகிப்தோடு முடிந்த சங்கதி என்று நம் சபையார் பலர் நினைக்கிறோம். 2019 ஜூலை மாதத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், அப்போது வேலூர் மாவட்டமாயிருந்த அதன் பக்கத்துப் பகுதியிலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். இருளர் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள், பிள்ளைகள் உட்பட. அன்று ஒரு முதியவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட படம் பத்திரிகைகளில் வந்தது. உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தைக் கத்தரித்து எங்கள் அறையில் வைத்திருக்கிறோம். விடுதலை வந்த நேரத்திலும் அவருக்குத் தெரிந்த ஒரே வணக்கம் காலில் விழுவதாகத்தான் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. கார் கம்பெனிகளும் செல்போன் கம்பெனிகளும் நிற்கிற ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலையிலிருந்து அந்த இடங்கள் வெகு தூரத்தில் இல்லை.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் பற்றி நம் ஆலயங்களில் பேசுவதில்லையாதலால் சுருக்கமாகச் சொல்லுகிறோம். அந்தச் சட்டத்தின்படி, கொத்தடிமையாய் இருக்கும் ஒவ்வொருவரும் விடுதலையானவர். அவர் தலைமேல் இருந்த கடன் அழிந்துபோகிறது. அதைத் திருப்பிக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. கொத்தடிமைக் கடன் அல்ல என்று ஒருவர் வாதாடினால், அதை நிரூபிக்கவேண்டியவர் கடன் கொடுத்தவரே. மாவட்ட ஆட்சியருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 2016-ம் வருஷத்து மத்திய அரசுத் திட்டத்தில் மறுவாழ்வுக்கென்று ஆண் ஒருவருக்கு 1 லட்சமும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் 2 லட்சமும், மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சமும் வகுத்திருக்கிறார்கள். ஆனால் இதற்கெல்லாம் அந்த ஒரு தாள் வேண்டும். தலையணைக்கு அடியில் அது இருந்த காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

இனி வேதாகமத்துக்கு வருவோம். இப்படிப்பட்டவரிடம் போய், நீ தேவனுக்கு அடிமை என்று சொல்லலாமா? சொல்லாமல் விட்டால் பவுலின் நிருபங்களில் பாதியை என்ன செய்வது?

இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்த நாட்களில் தூலோஸ் என்ற சொல்லை மனப்பாடம் செய்தோம். அடிமை என்று பொருள். விலைக்கு வாங்கப்பட்டு, விற்கப்படக்கூடிய மனிதன். பவுல் ரோமருக்கு எழுதும்போது தம்மை அந்தச் சொல்லால்தான் அறிமுகப்படுத்துகிறார். ஆனால் நம் கையிலிருக்கும் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தைப் பாருங்கள் (ரோமர் 1:1). அங்கே அச்சாகியிருப்பது ஊழியக்காரன் என்ற சொல். பிலிப்பியர், தீத்து நிருபங்களின் தொடக்கத்திலும் அப்படியே. இப்போது லூக்கா முதலாம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். காபிரியேல் தூதனுக்கு மரியாள் பதில் சொல்லும் இடத்தில் (1:38) இதே சொல்லின் பெண்பால்தான் கிரேக்கத்தில் இருக்கிறது. அங்கே தமிழில் அடிமை. அவள் பாடும் பாட்டிலும் (1:48) அடிமை. அப்போஸ்தலனுக்கு ஊழியக்காரன், நாசரேத்து ஊர்ப் பெண்ணுக்கு அடிமை! மொழிபெயர்த்த பெரியவர்கள் வேண்டுமென்று செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் பாதத்தில் உட்காரத் தகுதியில்லாதவர்கள் நாங்கள். ஆனால் ஒரு சொல் யார்மேல் இலகுவாக வந்து உட்காருகிறது, யார்மேல் உட்காரத் தயங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஊழியம் என்ற சொல்லாவது சுத்தமானதா என்றால், அதுவும் இல்லை. குமரி மாவட்டத்தாருக்கு இது தெரிந்திருக்கலாம். பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியார் அரசாங்கத்துக்குக் கூலியில்லாமல் செய்யவேண்டிய கட்டாய வேலை. டச்சுக்காரர் காலத்து யாழ்ப்பாணத்திலும் அதே பெயரில் அதே வழக்கம். 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவிதாங்கூர் மிஷனெரிகளும் சபையாரும் நடத்திய முக்கியமான போராட்டங்களில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமையில் கிறிஸ்தவர்களை ஊழியத்துக்கு இழுக்கக்கூடாது என்பது. ஊழியத்திலிருந்து தப்பி ஆலயத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று முழுநேர ஊழியத்துக்கு அர்ப்பணிக்கிறோம் என்று சாட்சி சொல்லுகிறார்கள். ஒரே சொல்தான், நடுவில் என்ன நடந்தது?

அதற்கு விடை யாத்திராகமத்தில் இருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. எபிரேயத்தில் அவோதா என்று ஒரு சொல் உண்டு. பார்வோன் இஸ்ரவேலரைச் செங்கல் சூளையில் வதைத்து வாங்கின வேலைக்கும் அதுதான் பெயர் (யாத். 1:14). சீனாய் மலையில் அவர்கள் தேவனுக்குச் செய்யவேண்டியதைச் சொல்லுவதும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான் (யாத். 3:12). தமிழில் முன்னதை வேலை என்றும் பின்னதை ஆராதனை என்றும் பிரித்துப் படிக்கிறோம். ஆகவே மோசே பார்வோனிடம் கேட்டதை நாம் அரைகுறையாகவே கேட்கிறோம். ஜனங்களைப் போகவிடு என்பதோடு அவர் நிறுத்தவில்லை. உனக்குச் செய்கிறதை விட்டுத் தேவனுக்குச் செய்யப் போகவிடு என்றார். பார்வோன் அதைச் சரியாகப் புரிந்துகொண்டான். ஐந்தாம் அதிகாரத்தைப் படியுங்கள்: இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் பண்டிகைக்கு லீவு கேட்கிறார்கள் என்று சொல்லி, வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் வைத்தான். இந்தப் பகுதியை வார்டில் வாசித்தபோது கம்பெனி ஆட்கள் சிரித்துவிட்டார்கள். டார்கெட் என்ற சொல்லை அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

இரண்டு எஜமான்களும் ஒரே ஜனத்தைக் கேட்டார்கள் என்றால், யாருக்கு வேலை செய்தாலென்ன என்று ஒருவர் கேட்கலாம். இங்கேதான் லேவியராகமம் 25-ம் அதிகாரம் நமக்குப் பெரிய வெளிச்சம். தரித்திரப்பட்டுத் தன்னை விற்றுக்கொள்ளும் சகோதரனைப் பற்றிய சட்டம் அது. அவனை அடிமையாக விற்கக்கூடாது. ஏனென்றால் நான் எகிப்திலிருந்து கொண்டுவந்த என் ஊழியக்காரர் அவர்கள் என்று கர்த்தர் காரணம் சொல்லுகிறார் (25:42). எனக்குச் சொந்தமானவனை நீ வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது என்பது அதன் பொருள். பவுலும் இதையே சந்தையின் பாஷையில் சொல்லுகிறார்: நீங்கள் கிரயத்துக்கு வாங்கப்பட்டிருக்கிறீர்கள், ஆகையால் மனிதருக்கு அடிமையாகிவிடாதீர்கள் என்ற கருத்து 1 கொரிந்தியர் 7:23-ல் இருக்கிறது. கிரயம் என்ற சொல் நம் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். கடந்த முப்பது வருஷமாக ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி நிலம் விற்காத குடும்பம் குறைவு. கிரயப் பத்திரம் ஒருமுறை முறையாகப் பதிவாகிவிட்டால், அதே நிலத்தை வேறொருவருக்கு விற்பது மோசடி. பதிவான நிலத்தின் மேல் வேறொருவன் வேலி போட்டால், உரியவன் வந்து வேலியைப் பிடுங்குவான். தேவனுக்கு அடிமை என்ற உபதேசத்தை நாங்கள் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறோம். வேறொருவரும் நம்மேல் வேலி போடக்கூடாது என்பதற்கான பத்திரம் அது.

பத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசித்த சரித்திரமும் நமக்கு உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தப் பக்கத்தை எழுத மனமில்லை. மார்ட்டின் லூத்தர் 1520-ல் கிறிஸ்தவனின் சுயாதீனத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கிறிஸ்தவன் விசுவாசத்தினாலே ஒருவருக்கும் கட்டுப்படாத சுயாதீனன். அன்பினாலே எல்லாருக்கும் கட்டுப்பட்ட ஊழியன் என்பது அதன் சாரம். இதைவிட நன்றாக இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை என்பது எங்கள் எண்ணம். ஐந்தே வருஷம் கழித்து, 1525-ல், ஜெர்மன் தேசத்துக் குடியானவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். மூன்றாவது கோரிக்கை: கிறிஸ்து தம் இரத்தத்தினாலே எங்களையும் மீட்டிருக்க, பிரபுக்கள் எங்களைப் பண்ணையடிமைகளாக வைத்திருப்பது சரியல்ல. அவர்கள் லூத்தரின் பாஷையைத்தான் பேசினார்கள். லூத்தரோ, நீங்கள் கிறிஸ்தவச் சுயாதீனத்தை மாம்சத்துக்குரிய காரியமாக்குகிறீர்கள், அடிமையாயிருந்துகொண்டே ஒருவன் கிறிஸ்தவச் சுயாதீனம் உடையவனாயிருக்கலாம் என்று பதில் எழுதினார். அவர் சொன்னதில் ஒரு சத்தியம் உண்டு. சிறையிலிருந்த பவுல் சுயாதீனன்தான். ஆனால் அந்தச் சத்தியத்தைச் சொல்லத் தகுதியுள்ளவர் சிறையில் இருப்பவரே. சாவியை வைத்திருப்பவனின் பக்கத்தில் நிற்பவர் சொன்னால் அது வேறு செய்தியாகிவிடுகிறது.

நம் தமிழ்ச் சபையின் பிறப்பே இந்தக் கேள்வியோடுதான். தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் 1707 மே 12-ம் தேதி முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்துபேரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். ஞாயிறு பள்ளியில் அந்தத் தேதியைப் படித்தோம். ஐந்துபேர் என்றும் படித்தோம். அவர்கள் அடிமைகள் என்பதை ஒரு ஆசிரியரும் நிறுத்திச் சொன்னதில்லை. அன்று தண்ணீரை விட்டு எழும்பினவர்கள் பரலோகத்தின் பார்வையில் எஜமான்களுக்குச் சமமான சகோதரர். காலனியின் கணக்கில் அவர்கள் சொத்து. ஒநேசிமுவைப் பற்றி பிலேமோனுக்குப் பவுல் எழுதின சின்ன நிருபத்தை அந்த எஜமான்களுக்கு யாராவது வாசித்துக் காட்டினார்களோ!

இங்கே, நமது செங்கல்பட்டுச் சீமையில், இன்னும் நீண்ட கதை. நிலம் மிராசுதாரருக்கு; உழைப்பு படியாளுக்கு. 1843-ம் வருஷச் சட்டத்தினால், அடிமை என்னும் சொத்துரிமையை நீதிமன்றங்கள் ஏற்காமல் போயின. 1862-ல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமை வியாபாரத்தைக் குற்றமாக்கியது. ஆனாலும் 1880-களில் இங்கு வந்த மிஷனெரிகள் கண்டது என்ன? படியாளின் குடிசை நின்ற மனைகூட மிராசுதாரருடையது. வேறு வேலைக்குப் போனால், ஆலயத்துக்குப் போனால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், மனையைக் காலி செய் என்று சொல்லமுடியும். ஆத்துமா சுயாதீனமாயிற்று என்று ஆலயத்தில் பாடிவிட்டுத் திரும்பினால் நிற்க இடமில்லை. திருவள்ளூர்ப் பக்கம் இக்காட்டில் ஊழியம் செய்த வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஐயரும், செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ ஐயரும் இதைப் பற்றி எழுதவும் அரசாங்கத்தை நெருக்கவும் தொடங்கினார்கள். மாவட்டக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் 1891-ல் இந்த மக்களின் நிலையைப் பற்றி விரிவான அறிக்கை எழுதி அனுப்பினார். அதன் பலனாக 1892-ல் வந்த அரசாணையின்படி அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுவது அதுதான். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதன்பின்னும் அதே சமுதாயத்தாருக்கே விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலங்களில் எத்தனை இன்று அவர்கள் கையில் இருக்கின்றன என்பது வேறொரு துக்கம்.

அந்த மிஷனெரிகளும் தொடக்கத்திலேயே இந்த வெளிச்சத்தில் நடந்தவர்கள் அல்ல. ஆத்துமாவின் விடுதலை போதும், சரீரத்தின் கட்டை அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று வெகுகாலம் பேசினவர்களின் வழியில் வந்தவர்கள்தான். அவர்களை மாற்றினது புத்தகமல்ல. ஞானஸ்நானம் பெற்றதற்காக வீடிழந்து வாசலில் வந்து நின்ற குடும்பங்கள் மாற்றின. ஸ்காட்லாந்து மிஷன் நிலம் வாங்கிக் குடியமர்த்திய மெல்ரோசாபுரம் சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்தில் இருக்கிறது. ஒரகடத்திலிருந்து அந்தச் சாலையில் போகிறவர்கள் இப்போது கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் போகவேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் பலருக்கு நினைவு வருவது ஸ்ரீராமானுஜர் அவதரித்த தலம். எங்களிடம் வைத்தியத்துக்கு வரும் வைணவப் பெரியவர்கள் தங்களை அடியேன் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அவர்கள் அதைத் தாங்களாகவே சொல்லிக்கொள்கிறார்கள். பவுலும் மரியாளும் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னார்கள். எங்கள் கட்டிலருகே நடந்தது அதுவல்ல. கட்டிலில் படுத்திருந்தவரை, நின்றுகொண்டிருந்த நாங்கள் அடிமை என்றோம்.

இந்தச் சாலையின் தொழிற்சாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே வேலை செய்கிறவர்களைக் கொத்தடிமைகள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்லுவது அந்த அரிசி ஆலையில் இருந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஹூண்டாய் ஆலை இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் உற்பத்தியைத் தொடங்கின நாளிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ஓட்டுவீட்டிலிருந்து மாடிவீட்டுக்கு வந்தன. தென்மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் தம் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருப்பது சிறிய விடுதலையல்ல. அதே பிள்ளைகள்தான் 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியின் உணவால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டபோது சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. கேட்டதனால் கிடைத்தது என்று எங்களிடம் வரும் பிள்ளைகள் சொல்லுகிறார்கள். 2023 ஏப்ரல் 21-ம் தேதி, 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியதும், எதிர்ப்பு எழுந்து மே 1-ம் தேதி அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பத்து நாட்களில் எங்கள் ஓ.பி. வரிசையில் பேச்சு இதுவாகவே இருந்தது. பிரசங்கங்களில் மட்டும் நாங்கள் கேட்கவில்லை. ஓய்வுநாள் கற்பனைக்கு உபாகமம் சொல்லும் காரணம், நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை என்பதும், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும் என்பதும் அல்லவா (5:14, 15)?

அடுத்தவர் வாசலைச் சொல்லிவிட்டோம். நம் வாசலைச் சொல்லவேண்டும். போன மழைக்காலத்தில் டெங்கு நோயாளிகளால் வார்டு நிரம்பி, கீழே பாய் போட்டுப் படுக்கவைத்த நாட்களில், இரவு வேலை பார்த்த ஒரு ஆயா எங்களிடம் வந்தார். மூன்று வாரமாக வார விடுமுறை இல்லை. சின்னப் பிள்ளை பாட்டியிடம் அழுகிறது. சூப்பரிண்டெண்ட் அம்மாவிடம் ஐயா சொல்லமுடியுமா என்று கேட்டார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "இது வேலையல்ல அம்மா, தேவனுடைய ஊழியம். கர்த்தர் கணக்கில் வைத்திருப்பார்" என்றோம். மனப்பூர்வமாகத்தான் சொன்னோம். அன்றிரவு எங்கள் வீட்டில் நன்றாகத் தூங்கவும் செய்தோம். இரண்டு மாதத்தில் அவர் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்விட்டார். உலகத்தின்மேல் ஆசைப்பட்டுப் போனார் என்று எங்களில் சிலர் வருத்தப்பட்டோம்.

கணக்கைக் கர்த்தரிடம் விட்டுவிடச் சொன்னோம். அரிசி ஆலையில் கணக்கு முதலாளியின் நோட்டில் இருந்தது. விரல் எடுத்த அந்த அம்மா கண்ணைத் திறந்த பிறகுதான் இந்த இரண்டும் எங்களுக்குள் ஒன்றாய் வந்து சேர்ந்தன. கலாத்தியர் 5:13-ல் பவுல் சுயாதீனத்துக்கு அழைக்கப்பட்டவர்களைப் பார்த்து அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யச் சொல்லுகிறார். ஒருவருக்கொருவர் என்ற சொல்லை நாங்கள் வசதியாக விட்டுவிட்டோம். ஆயா நோயாளிக்கு ஊழியம் செய்தார். ஆயாவுக்கு யார் செய்தோம்? பெரிய வியாழக்கிழமை கால் கழுவும் ஆராதனை நடத்துகிறோம். பன்னிரண்டு மூப்பர்கள் அன்று காலையிலேயே சோப்புப் போட்டுக் கழுவின கால்களோடு வந்து உட்காருவார்கள். நாங்கள் வெள்ளித் தட்டில் தண்ணீர் ஊற்றுவோம். இயேசு எடுத்தது அடிமை செய்கிற வேலை. போதகரும் ஆண்டவருமானவர் குனிந்தார். சீஷர்களைக் குனியச் சொல்லி அவர் உட்காரவில்லை.

இதை நிர்வாகக் குழுவில் பேசினோம். பேச்சு எளிதாக இருக்கவில்லை. ஊழியத்தில் மணிக்கணக்குப் பார்க்கத் தொடங்கினால் ஆவி போய்விடும் என்று ஒரு மூத்த சகோதரர் சொன்னார். அவர் தம் வாழ்நாள் முழுவதும் கணக்குப் பாராமல் உழைத்தவர், அவர் சொன்னதை இலேசாகத் தள்ள முடியாது. ஆனால் அவர் டாக்டர். அவர் கணக்குப் பாராமலிருந்தது அவர் தெரிந்துகொண்டது. கடைசியில், ஆயாக்கள், துப்புரவுப் பணியாளர்கள் உட்பட எல்லாருக்கும் வாரத்தில் ஒருநாள் விடுமுறை எழுத்தில் குறிக்கப்படவேண்டும், அதை மாற்றினால் மாற்றுநாள் அதே மாதத்தில் கொடுக்கப்படவேண்டும் என்று தீர்மானமாயிற்று. அதற்காக நான்கு பேரை அதிகமாக வேலைக்கு எடுத்திருக்கிறோம். எனவே இவ்வருஷக் கணக்கில் சம்பளம் என்ற தலைப்பில் தொகை கூடியிருப்பதைக் காண்பீர்கள். புதுக் கட்டடத்துக்கும் ஸ்கேன் கருவிக்கும் கொடுக்கிறவர்கள் ஆயாவின் சம்பளத்துக்குக் கொடுக்கத் தயங்குவதை நாங்கள் அறிவோம். சம்பளத்தில் கல்வெட்டு வைக்கமுடியாது! ஆனாலும் கேட்கிறோம். போய்விட்ட அந்தச் சகோதரியை வீட்டில் சென்று பார்த்து மன்னிப்புக் கேட்டோம். திரும்பி வரும்படி அழைக்கவில்லை. காபி கொடுத்தார்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தினமும் டிரஸ்ஸிங் மாற்றும் நேரத்தில் அந்த அம்மாவிடம் போய் நின்றோம். சில நாட்கள் சிஸ்டருக்குக் கிண்ணம் பிடித்தோம். மற்றபடி எங்களுக்கு அங்கே வேலையில்லை. ஒருநாள் லேவியராகமத்துச் சங்கதியை எங்களால் இயன்ற மட்டும் எளிமையாகச் சொன்னோம்: கடவுளுக்குச் சொந்தமானவரை வேறு யாரும் வாங்கமுடியாது, நோட்டில் எழுதிவைக்க முடியாது என்று. அவர் வெகுநேரம் பேசவில்லை. கட்டைச் சுற்றி முடித்த பிறகு, "அப்ப அந்த பேப்பரு மாதிரி" என்றார். ஆம் அம்மா, ஏறக்குறைய அதேமாதிரி என்றோம்.

வீட்டுக்குப் போகும் நாளில் மறுபடியும் ஜெபிக்கக் கேட்டார். உங்களை ஆண்டவரிடம் என்ன சொல்லி ஒப்புக்கொடுக்கட்டும், நீங்களே சொல்லுங்கள் என்றோம். மகள் என்பார் என்று எதிர்பார்த்தோம். அதற்கு வேதவசனமும் மனதில் தயாராக வைத்திருந்தோம். அவர் யோசித்துவிட்டு, "ஏசப்பாவோட ஆளுன்னு சொல்லுங்கய்யா. ஆலையில இருக்கும்போது யாரு ஆளுன்னு கேட்டா மொதலாளி பேருதான் சொல்லணும். இனிமே கேட்டா இத சொல்றேன்" என்றார்.

ஆள் என்று சொல்லியே ஜெபித்தோம். மருமகள் ஷேர் ஆட்டோவைக் கூப்பிடப் போனாள். லாமினேட் செய்த தாளின் நகல் ஒன்றை எங்கள் அலுவலகக் கோப்பில் வைத்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு, அசலைச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டார். அடுத்த டிரஸ்ஸிங் வெள்ளிக்கிழமை. அதற்கு முன் ஈரமான பூட்ஸைப் போடக்கூடாது என்று காண்ட்ராக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர் அதை ஏற்றுக்கொண்டு அந்த அம்மாவுக்கு வேறு வேலை கொடுக்கும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்.